ஆதிரை: பெயரின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது?

பெண் குழந்தைக்கு ‘ஆதிரை’ என்று பெயர் வைத்தாயிற்று. அதன் பொருள் என்ன என்று தேடினால்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு பட்டியலில் ‘இளவரசி’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘ஒளி’ என்று இருக்கும். ‘தூய தமிழ்ப் பெயர்’ என்று ஒருவர் சொல்வார், ‘அது சமஸ்கிருதம்’ என்று அடுத்தவர் மறுப்பார். ‘திருவாதிரை நட்சத்திரத்தில் பிறந்தவளுக்குத்தானே வைப்பார்கள்?’ என்று பாட்டி கேட்பார்.

இளவரசி என்ற பொருளுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அழகான பெண் பெயர் எதுவானாலும் ‘இளவரசி’ என்று போட்டுவிடுவது இந்தப் பட்டியல்களின் வழக்கம். மற்ற கேள்விகளுக்கு விடை உண்டு. அவற்றைப் புரிந்துகொள்ள வானத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆதிரை எது?

ஆதிரை என்பது முதலில் ஒரு விண்மீனின் பெயர். நிலா வானத்தைச் சுற்றிவரும் பாதையைப் பஞ்சாங்கம் 27 சம பங்குகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பங்கும் 13 பாகை 20 கலை. இவற்றைத்தான் நட்சத்திரம் என்றும், நாள்மீன் என்றும், வெறுமனே ‘நாள்’ என்றும் சொல்கிறோம். அசுவினியில் தொடங்கினால் ஆறாவதாக வருவது ஆதிரை.

இந்தப் பங்குக்கு அடையாளமாகப் பொதுவாகக் காட்டப்படுவது ஓரியன் கூட்டத்தில் உள்ள பெட்டல்ஜூஸ் என்னும் செம்பெரு விண்மீன். டிசம்பர் கடைசியில் இருட்டிய பிறகு கிழக்கே பார்த்து நின்றால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில், கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக எழுந்து வரும். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மஞ்சளாகத் தெரிவது ஆதிரை. வலப்பக்கம் நீலவெண்மையாக மின்னுவது ரைஜெல். சமமாகப் பிரித்த பங்கும் கண்ணுக்குத் தெரியும் விண்மீனும் கச்சிதமாகப் பொருந்துவதில்லை. அதனால் வேறொரு விண்மீனைச் சுட்டும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் ஆதிரை என்றதும் பெரும்பாலோர் கை நீட்டுவது இந்தச் சிவப்பு மீனை நோக்கித்தான்.

2019 இறுதியில் ‘திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகிறது’ என்று செய்தி ஓடியதும் இதைப் பற்றித்தான். அது வழக்கத்தைவிட மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் மிகவும் மங்கி, பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. விண்மீன் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முன்னால் மறைத்ததே முக்கியக் காரணம் என்று பின்னர் விளக்கினார்கள். என்றாவது ஒரு நாள் அது வெடிக்கத்தான் போகிறது. அந்த ‘ஒரு நாள்’ இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது வானியலாளர் கணிப்பு. மகளின் பெயரை மாற்றும் அளவுக்கு அவசரம் எதுவும் இல்லை.

‘ஈரம்’ என்ற பொருள்

சமஸ்கிருதத்தில் இந்த நட்சத்திரம் ‘ஆர்த்ரா’. அந்தச் சொல்லுக்கு ஈரமானது, நனைந்தது, பசுமையானது என்று பொருள். ஒரு விண்மீன் எப்படி ஈரமாக இருக்கும்? ஆண்டில் இரண்டு முறை இந்த நட்சத்திரத்துக்கு முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்கள். அதைப் பார்த்தால் விடை தெரியும்.

1. சூரியன் வரும் காலம். இன்றைய கணக்கில் ஜூன் 21 அல்லது 22 வாக்கில் சூரியன் ஆதிரைக்குள் நுழைந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் அங்கே இருக்கும். அப்போது அந்த விண்மீன் பகல் வெளிச்சத்தில் மறைந்துவிடும். நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை பரவுவது அதை ஒட்டித்தான்.

2. முழுநிலா வரும் காலம். மார்கழியில் சூரியன் வானத்தின் எதிர்ப்பக்கம் இருக்கும். அதனால் முழுநிலா ஆதிரையை ஒட்டி வரும். சூரியன் மறையும்போது இந்த விண்மீன் எழும், விடியும்போது சாயும். இரவு முழுக்க வானத்தில் இருக்கும்.

முதலாவது மழைக்காலம், இரண்டாவது விழாக்காலம். ‘ஈரம்’ என்ற பெயருக்கு முதலாவதைத்தான் பரவலாகக் காரணம் சொல்கிறார்கள். புவி அச்சின் மெல்லிய சுழற்சியால் இந்தத் தேதிகள் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நகர்ந்துகொண்டே வருகின்றன. எனவே ‘ஜூன் 22 என்றால் ஆர்த்ரா’ என்பதை வேதகாலத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

கேரளத்தில் இந்த மழைத்தொடர்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்கும் காலத்தை அங்கே ‘ஞாற்றுவேல’ என்பார்கள். ஆண்டுக்கு 27 ஞாற்றுவேல. அவற்றில் திருவாதிர ஞாற்றுவேல நடவுக்கு மிகச் சிறந்தது என்பது நம்பிக்கை. குச்சியை ஒடித்து நட்டாலும் துளிர்க்குமாம். இதை ஒட்டி ஒரு கதையும் உண்டு. போர்ச்சுகீசியர்கள் மிளகுக் கொடியைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துப் போவதைக் கேட்டுப் பதறியவர்களிடம், ‘கொடியைக் கொண்டுபோகட்டும், நம் திருவாதிர ஞாற்றுவேலயைக் கொண்டுபோக முடியுமா?’ என்றாராம் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி. நடந்ததோ இல்லையோ, அந்த இரண்டு வார மழைக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு இதில் தெரிகிறது.

‘ஈரமானவள்’ என்று மகளுக்குப் பெயரா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. தமிழில் ஈரம் என்றால் அன்பும்தான். ‘நெஞ்சில் ஈரம் இருக்கிறதா?’ என்று இன்றும் கேட்கிறோம். இனியவை கூறல் அதிகாரத்தின் முதல் குறளே ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்றுதான் தொடங்குகிறது.

ஆர்த்ரா எப்படி ஆதிரை ஆனது?

‘ர்த்ரா’ என்று மெய்யெழுத்துகள் அடுக்கி நிற்பது தமிழ் நாவுக்கு ஒத்துவராது. அப்படிப்பட்ட சொல் தமிழுக்குள் வந்தால் எப்படி மாறும் என்பதற்கு முறை இருக்கிறது. பவணந்தியின் நன்னூல் அதை விரிவாகவே சொல்கிறது. நமக்கு வேண்டியவை மூன்று:

1. கடைசியில் வரும் ‘ஆ’ தமிழில் ‘ஐ’ ஆகும். சீதா சீதை ஆனதும், ராதா ராதை ஆனதும் இப்படித்தான்.

2. ஒரு மெய்யோடு ய, ர, ல ஒட்டி வந்தால் இடையில் ஓர் ‘இ’ நுழையும். சந்த்ர என்பது சந்திரன், சித்ரா என்பது சித்திரை.

3. ‘ர்’ முன்னால் நின்று இன்னொரு மெய் பின்னால் வந்தால் இடையில் ‘உ’ நுழையும். அர்க்க என்பது அருக்கன், தர்ம என்பது தருமம்.

இப்போது ஆர்த்ராவை எடுத்துக்கொள்வோம். முன்னால் நின்ற ‘ர்’ விழுந்து, இரண்டாம் முறைப்படி ‘த்ர’ என்பது ‘திர’ ஆகி, முதல் முறைப்படி கடைசி ‘ஆ’ ‘ஐ’ ஆனால் கிடைப்பது ஆதிரை. அந்த ‘ர்’ விழாமல் மூன்றாம் முறைப்படி ‘உ’ சேர்ந்தால் ‘ஆருத்ரா’ அல்லது ‘ஆருத்திரா’ வரும். சிதம்பரத்தில் மார்கழியில் நடக்கும் ஆருத்ரா தரிசனத்தின் பெயர் இதுவே.

இங்கே ஒரு தவறான விளக்கம் ஊறிப்போயிருக்கிறது. ‘ருத்ரா’ என்ற ஒலி உள்ளே கேட்பதால், ருத்ரனிலிருந்து வந்த சொல் ஆருத்ரா என்று பலர் எழுதுகிறார்கள். வேதகால நட்சத்திரப் பட்டியலில் ஆர்த்ராவுக்கு உரிய தெய்வம் ருத்ரன் என்பது உண்மைதான். அந்த நாள் சிவனுக்கு உரியதானதும் அதனால்தான். ஆனால் ஒலி ஒற்றுமை தற்செயல். அந்த ‘ரு’ தமிழ் நாக்கு இடையில் செருகிய உகரத்தால் வந்தது.

அப்படியானால் தமிழ்ப் பெயரா, இல்லையா?

‘அதிர்’, ‘ஆதி’ போன்ற சொற்களிலிருந்து ஆதிரையைப் பிரித்துக் காட்டும் முயற்சிகள் உண்டு. அவை எனக்கு நம்பும்படி இல்லை. 27 பெயர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு மொழிகளிலும் ஒன்றுக்கொன்று நேராக நிற்பது தெரியும். அதில் ஆறாவதை மட்டும் உருவித் தனி வேர் காட்டுவது சரியாகாது. தமிழுக்கென்று தனி நாள்மீன் பெயர்கள் இருந்ததும் உண்மை. கார்த்திகைக்கு ஆரல், அறுமீன் என்ற பெயர்கள் இருந்தன. கேட்டதுமே அவை தமிழ் என்று தெரியும்.

ஆனால் ‘வடமொழிப் பெயர்’ என்று அதோடு முடித்துவிடுவதும் அரைகுறைதான். வேர் வெளியே இருக்கலாம். ‘ஆதிரை’ என்ற வடிவம் தமிழில் மட்டுமே உருவானது. எட்டுத்தொகையில் ஒன்றான பரிபாடலிலேயே இது இதே வடிவில் இருக்கிறது. ‘வடவெழுத்தை விட்டு, தமிழ் எழுத்தோடு பொருந்தி வரும் சொல்’ என்று தொல்காப்பியம் ஒரு வகையைச் சொல்கிறதே, அதற்கு ஆதிரை நல்ல எடுத்துக்காட்டு. கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லாமல் முழுக்கத் தமிழ் எழுத்தில் எழுதக்கூடிய பெயர் வேண்டும் என்பவர்களுக்கு இதில் குறை எதுவும் இல்லை.

மார்கழி நாள்

பரிபாடலின் 11ஆம் பாடல் வையையைப் பற்றியது. கார்மேகம் நீங்கி, பனி நடுக்கும் பருவத்தில், முழுநிலா கூடிய ஆதிரை நாளில் அந்தணர்கள் விழாத் தொடங்குவதையும், இளம்பெண்கள் நீராடி நோன்பு இருப்பதையும் அது சொல்கிறது. மேலே சொன்ன இரண்டாவது விருந்தாளி இதுதான். அதே நூலின் 8ஆம் பாடலில் சிவன் ‘ஆதிரை முதல்வன்’.

7ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், திருவாரூரில் நடந்த ஆதிரை விழாவுக்கென்றே அப்பர் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். ஒவ்வொரு பாட்டும் ‘ஆரூர் ஆதிரைநாளால் அதுவண்ணம்’ என்று முடியும். முத்து விதானம், பொற்கவரி, தெருவில் கூடிய பலவகை மக்கள் என்று திருவிழாவை நேரில் பார்ப்பதுபோல அடுக்கிக்கொண்டே போவார்.

‘திரு’ என்ற அடைமொழி 27 நட்சத்திரங்களில் இரண்டுக்குத்தான் வழக்கில் நிலைத்தது. சிவனுக்கு உரிய ஆதிரை திருவாதிரை ஆயிற்று, திருமாலுக்கு உரிய ஓணம் திருவோணம் ஆயிற்று. ஆக, ‘திருவாதிரை’யைச் சுருக்கி ‘ஆதிரை’ ஆக்கினார்கள் என்பது தலைகீழ்ப் பார்வை. பழையது ஆதிரைதான்.

நாள் பெயர், ஒரு பெண்ணின் பெயர் ஆகிறது

ஆதிரை என்ற பெயர் கொண்ட பெண்ணைத் தமிழ் இலக்கியத்தில் நாம் தெளிவாகச் சந்திப்பது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில். 30 காதைகளில் 16ஆவது காதையின் தலைப்பே ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’.

எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்துவிட்டது. அதில் முதல் பிச்சை யார் இட வேண்டும் என்பது கேள்வி. தீராப் பசி நோயால் வாடும் காயசண்டிகை காவிரிப்பூம்பட்டினத்தில் ஒரு வீட்டைக் காட்டி, அந்த வீட்டுப் பெண்ணின் கதையைச் சொல்கிறாள்.

ஆதிரையின் கணவன் சாதுவன். கணிகை வீட்டிலும் சூதிலும் பொருளையெல்லாம் தொலைத்தவன். கையில் ஒன்றும் இல்லாமல் போனபின் வணிகரோடு கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. தப்பி வந்த சிலர் அவனும் இறந்துவிட்டான் என்று சொல்ல, ஆதிரை ஊராரிடம் ஈமத்தீ மூட்டித் தரச் சொல்லி அதில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. பூசிய சாந்தம் அப்படியே இருக்கிறது, கட்டிய ஆடை கருகவில்லை. தீயும் கொல்லாத பாவி ஆகிவிட்டேனே என்று அவள் அழுகிறாள். அப்போது, ‘உன் கணவன் உயிரோடு இருக்கிறான், சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் திரும்பி வருவான்’ என்று வானிலிருந்து குரல் வருகிறது.

சாதுவனோ மரத்துண்டைப் பிடித்து நாகர் மலையில் கரையேறியிருக்கிறான். அவர்கள் மொழி அவனுக்குத் தெரியும், அதனால் பிழைக்கிறான். தலைவன் கள்ளும் ஊனும் தந்து ஒரு பெண்ணையும் தரச் சொல்ல, வேண்டாம் என்று மறுத்து, உயிர்க்கொலை தவறு என்று அவனுக்கே எடுத்துச் சொல்கிறான். குடும்பத்தை அழித்தவன் காட்டில் அறம் பேசுகிறான்! பிறகு குரல் சொன்னபடியே கப்பலேறி வீடு வருகிறான்.

இந்தக் கதையைக் கேட்டபின் மணிமேகலை ஆதிரையின் வீட்டுக்குப் போய், எழுதாத ஓவியம்போல நிற்கிறாள். ஆதிரை அவளைத் தொழுது வலம் வந்து, ‘பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக’ என்று சொல்லிப் பாத்திரம் நிறைய இடுகிறாள். உலகம் முழுதும் பசி என்னும் நோய் ஒழியட்டும் என்பது அதன் கருத்து.

இந்தப் பெண் ஆதிரை நாளில் பிறந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று காப்பியம் சொல்வதில்லை. ‘ஈரமானவளைத் தீ சுடவில்லை’ என்று பெயருக்கும் கதைக்கும் முடிச்சுப் போடவும் ஆசையாக இருக்கும். சாத்தனார் அப்படி எதையும் சொல்லாதபோது நாமாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் பெயருக்குப் பொருள் கேட்கிறவர்களுக்கு, அகராதிப் பொருளோடு இந்தக் கதையையும் சொல்லலாம். பசித்தவர்களுக்கு முதல் பிடி சோறு இட்டவளின் பெயர் என்பது ‘இளவரசி’யைவிட எவ்வளவோ மேல்.

நட்சத்திரத்தை வைத்துப் பெண் பெயர்

ரோகிணி, ரேவதி, சுவாதி, சித்ரா, அஸ்வினி, கிருத்திகா, அனுராதா என்று நட்சத்திரப் பெயர்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நட்சத்திரம், மரம், ஆறு ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்ணை மணக்கக் கூடாது என்கிறது மனுஸ்மிருதியின் 3ஆம் அத்தியாயம். ரோகிணிகளையும் கங்கைகளையும் பார்த்தால், மக்கள் அந்த விதிக்குக் கொடுத்த மரியாதை விளங்கும்.

‘ஆதிரா’ என்பது இதே பெயரின் மலையாள வடிவம். அங்கே கடைசி ‘ஆ’ ‘ஐ’ ஆவதில்லை. தனு மாதத்தில், அதாவது நம் மார்கழியில், வரும் திருவாதிரை அங்கே பெண்களின் பண்டிகை. நோன்பும் திருவாதிரக்களி நடனமும் அதன் அடையாளம். நம்மூரில் அதே நாளில் வாயில் போடுவது திருவாதிரைக் களி. சொல் ஒன்றுபோல இருப்பதால் சிலர் குழம்புவதுண்டு. மலையாளத்தில் களி என்றால் ஆட்டம்.

பெயர் வைக்க நினைப்பவர்களுக்கு எழும் கேள்விகள்

1. திருவாதிரையில் பிறக்காத குழந்தைக்கு வைக்கலாமா? தாராளமாக. ரேவதி என்று பெயருள்ளவர்கள் எல்லாரும் ரேவதியில் பிறந்தவர்கள் அல்ல. காப்பிய ஆதிரைக்கே அப்படி ஒரு காரணம் சொல்லப்படவில்லை.

2. திருவாதிரையில் பிறந்தால் ஆதிரைதான் பொருத்தமா? சோதிட எழுத்து பார்ப்பவர்களுக்கு இங்கே சின்ன அதிர்ச்சி காத்திருக்கிறது. வழக்கத்தில் உள்ள பட்டியலில் திருவாதிரைக்கு உரிய எழுத்துகள் கு, க, ங, ச. அகரத்தில் தொடங்குபவை கார்த்திகைக்குப் போகின்றன. அதாவது ஆதிரை என்ற பெயர் அதன் சொந்த நட்சத்திரத்தின் எழுத்தில் தொடங்குவதில்லை. (‘ங’வில் தொடங்கும் பெயரை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.)

3. இது சைவப் பெயரா? நாள் சிவனுக்கு உரியது. பெயரைப் புகழ்பெறச் செய்ததோ பௌத்தக் காப்பியம். ராமானுஜர் பிறந்ததும் திருவாதிரையில்தான், சித்திரைத் திருவாதிரை. முதலாம் ராஜேந்திர சோழனுக்கு ஆடித் திருவாதிரை. கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலையில் நடந்த விழாவும், அப்போது வெளியிட்ட நினைவு நாணயமும் அதை ஒட்டியவைதான். எந்த ஒரு சமயத்தாரும் இந்தப் பெயரைத் தனிச் சொத்து என்று சொல்ல முடியாது.

4. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? உண்மையான தொல்லை இங்கேதான். முதலில் ஓர் ‘ஏ’ மட்டும் போட்டால் ‘அதிரை’ என்று படிக்க இடமுண்டு. அது அதிராம்பட்டினத்தின் சுருக்கப் பெயர். ‘ஆதிரா’வை ‘Adhira’ என்று எழுதினால், இந்தி தெரிந்தவர்கள் ‘அதீரா’ என்று படிப்பார்கள். அதற்குப் பொறுமையற்றவள் என்று பொருள். ‘dh’ வேண்டாம் என்று ‘தி’க்கு வழக்கமான ‘thi’யையே போடுபவர்கள், தொடக்கத்தில் இரட்டை ‘ஏ’ போட்டு ‘Aathirai’ என்று எழுதினால் நெடில் தெளிவாகத் தெரியும். எண் கணிதத்துக்காக நடுவில் கூடுதல் எழுத்து நுழைத்தால், படிப்பவர் எல்லாரும் ஒவ்வொரு விதமாகக் கூப்பிடுவார்கள்.

5. பதிவுக்கு எவ்வளவு அவகாசம்? 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு பெயரைப் பிறகு சேர்க்கலாம். தமிழ்நாட்டு விதிகளின்படி 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லை. அதற்குமேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எனவே ஆதிரையா ஆதிராவா, ஆங்கில எழுத்து எது என்று வீட்டில் பேசி முடித்தபின் பதிவகத்துக்குப் போனால் போதும். பிறப்புச் சான்றிதழில் ஏறும் எழுத்துதான் ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் தொடர்ந்து வரும். பின்னாளில் ஓர் எழுத்தை மாற்ற நினைத்தாலும் அரசிதழ் அறிவிப்பு வரை அலைய வேண்டியிருக்கும்.